லென்டிவைரசுக் காவி

லென்டிவைரசுக் காவி என்பது எச்.ஐ.வி போன்ற லென்டி வகைத் தீநுண்மம் ஒன்றின் நோய் விளைவிக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, அதன் கூட்டினுள் வேறொரு மரபணுவை வைத்து உயிரணுக்களுக்குள் கொண்டு செல்லப் பயன்படும் மரபணு ஊர்தி ஆகும். மரபணு மருத்துவம், புற்றுநோய் மருத்துவம், தீநுண்ம எதிர்ப்பு ஆய்வு ஆகிய மூன்றிலும் இது பயன்படுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்றான வேலூரில், அத்தீநுண்மத்திலிருந்து உருவாக்கப்பட்ட காவியைக் கொண்டு குருதி உறையாமை நோய்க்கு மருத்துவ ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2024 ஆம் ஆண்டு வெளியாயின.

பெயர்

இலத்தீன மொழியில் 'லென்டி' என்பது மெதுவான என்று பொருள்படும். இவ்வகைத் தீநுண்மங்கள் உடலில் புகுந்து பல ஆண்டுகள் கழித்தே நோயை வெளிக்காட்டுவதால் இப்பெயர் பெற்றன. காவுதல் என்பது தோளில் சுமத்தலைக் குறிக்கும் பழைய தமிழ் வினை. நோயைச் சுமக்கும் கொசுவை நோய்க்காவி என்பது போல, மரபணுவைச் சுமக்கும் தீநுண்மக் கூடு மரபணுக் காவி எனப்படுகிறது.

எச்.ஐ.வி காவியாக மாறும் விதம்

தீநுண்மம் தானாக இனம் பெருக்க இயலாதது. ஓர் உயிரணுவின் கதவைத் திறந்து, தன் மரபுச் செய்தியை உள்ளே இறக்கி, அவ்வுயிரணுவையே தன் படிகளை உருவாக்க வைக்கிறது. கதவைத் திறக்கும் இத்திறமை மட்டும் ஆய்வாளர்களுக்குத் தேவை. படிகளைப் பெருக்கும் திறமை தேவையில்லை. காவி உருவாக்கம் முழுவதும் இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் வேலையே ஆகும்.

எச்.ஐ.வி-யின் மரபுத்தொகுதி ஆர்.என்.ஏ-வால் ஆனது. அதில் 9 மரபணுக்கள் உள்ளன. தற்போது பெரிதும் பயன்படும் மூன்றாம் தலைமுறைக் காவிகளில் இவற்றுள் 6 முற்றிலும் விடப்படுகின்றன. கூட்டையும் நொதியங்களையும் உருவாக்கும் காக், போல் என்னும் இரண்டும், ஆர்.என்.ஏ-வை உயிரணுக் கருவிலிருந்து வெளிக்கொணரும் ரெவ் என்னும் ஒன்றும் மட்டுமே பயன்படுகின்றன. இவையும் ஒரே இழையில் இருப்பதில்லை, தனித்தனி டி.என்.ஏ வளையங்களாகப் பிரிக்கப்படுகின்றன. மருத்துவ மரபணு மற்றொரு வளையத்தில் இருக்கும். நான்கு வளையங்களையும் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அவ்வுயிரணுக்கள் காவிகளை உருவாக்கி வளர்ப்பு நீர்மத்தில் வெளியிடும். மருத்துவ மரபணு உள்ள இழையில் மட்டுமே 'என்னைக் கூட்டில் அடை' என்று அறிவிக்கும் குறியீடு இருப்பதால், கூட்டினுள் அது ஒன்றே புகும். இவ்வாறு உருவாகும் காவி ஓர் உயிரணுவுக்குள் ஒருமுறை நுழையும். அங்கிருந்து மறுபடி புறப்பட அதனிடம் எதுவும் இல்லை.

நான்காவது வளையம் வெளியுறைக்கானது. எச்.ஐ.வி-யின் சொந்த உறை, சி.டி.4 என்னும் ஏற்பி உள்ள வெள்ளணுக்களில் மட்டுமே ஒட்டும். ஆகவே அதற்கு மாற்றாக, கால்நடைகளில் வாய்க்கொப்புளம் உண்டாக்கும் வேறொரு தீநுண்மத்தின் உறைப்புரதம் பொருத்தப்படுகிறது. இது பெரும்பாலான மனித உயிரணுக்களில் ஒட்டக்கூடியது. அதாவது, எச்.ஐ.வி காவி என்று அழைக்கப்படும் துகளின் வெளித்தோற்றத்தில் எச்.ஐ.வி-யே இல்லை.

1996 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் லூயிஜி நல்தீனி, டிடியே திரோனோ, இந்தியாவில் பிறந்தவரான இந்தர் வர்மா உள்ளிட்டோர் இம்முறையை நிறுவிக் காட்டினர். அதற்கு முன் பயன்பட்ட எலித் தீநுண்மக் காவிகள், பிரிந்து கொண்டிருக்கும் உயிரணுக்களில் மட்டுமே மரபணுவைச் சேர்க்க வல்லவை. எச்.ஐ.வி-யோ உட்கரு உறையின் துளை வழியாகவே உள்ளே செல்லக்கூடியது. நரம்பணுக்களும் பெரும்பாலும் உறங்குநிலையில் இருக்கும் குருதிக் குருத்தணுக்களும் எட்டக்கூடியவை ஆனது இதனால்தான்.

பிற காவிகள்

அடினோவைரசுக் காவிகள் மரபணுவை உயிரணுவின் டி.என்.ஏ-வோடு இணைப்பதில்லை, விளைவு தற்காலிகமானது. இக்குறையே தடுப்பூசிக்கு நிறையாகிறது. கோவிட்-19 தொற்றின்போது இந்தியாவில் மிகுதியாகப் போடப்பட்ட கோவிசீல்டு, சிம்பன்சியின் அடினோவைரசிலிருந்து உருவாக்கப்பட்ட காவியே. இக்கட்டுரையைப் படிப்போரில் பலர் தீநுண்மக் காவியைத் தம் கையில் ஏற்றுக்கொண்டவர்களே.

அடினோ-துணை வைரசு எனப்படும் சிறிய தீநுண்மம் கல்லீரல், விழித்திரை போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் அது ஏறத்தாழ 4,700 எழுத்துகள் நீளமான டி.என்.ஏ-வை மட்டுமே சுமக்கும். லென்டிவைரசுக் காவி அதைப்போல் இருமடங்கு வரை சுமக்கக்கூடியது.

வேலூர் ஆய்வு

ஏ வகைக் குருதி உறையாமை நோய், எட்டாம் உறைதல் காரணி என்னும் புரதத்தின் குறையால் வருவது. இதற்கான மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளதால் நோய் பெரும்பாலும் ஆண்களைத் தாக்குகிறது. ஏறத்தாழ 5,000 ஆண் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. கடுமையான நோயாளருக்குக் காரணியின் செயற்பாடு இயல்பான அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அடிபடாமலே மூட்டுகளுக்குள் குருதி கசிந்து, இளம் வயதிலேயே முழங்காலும் முழங்கையும் மடங்காமற் போவதுண்டு.

இந்நோயாளருக்கும் எச்.ஐ.வி-க்கும் ஒரு கசப்பான பழைய தொடர்பு உண்டு. உறைதல் காரணி, பல்லாயிரம் கொடையாளரின் குருதிநீர்மத்தை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுக்கப்பட்டு வந்தது. ஒருவரிடம் தொற்று இருந்தாலும் முழுக் கலவையும் கெடும். 1980-களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவில் குருதி உறையாமை நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாம் மருந்தாக ஏற்றுக்கொண்ட காரணியின் வழியே எச்.ஐ.வி தொற்றுக்கு ஆளாயினர்.

அதே காலத்தில், 1986 இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் திரட்டிய குருதி மாதிரிகள், அங்கே சோதனை வசதி இல்லாததால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்குத் தீநுண்மவியல் துறையில் நடந்த சோதனையிலேயே இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது முதலில் தெரியவந்தது.

அக்கல்லூரியின் பாகாயம் வளாகத்திலுள்ள குருத்தணு ஆய்வு மையம், பெங்களூரில் உள்ள இன்சுடெம் நிறுவனத்தின் ஒரு பிரிவாகும். இம்மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் கூட்டாகச் செய்த ஆய்வில் 22 முதல் 41 வயது வரையுள்ள 5 ஆண்கள் பங்கேற்றனர். அலோக் சிறீவத்சவா தலைமையிலான குழுவின் கட்டுரை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளியானது.

சிகிச்சை முறை பின்வருமாறு. நோயாளியின் எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்கள் மருந்தின் உதவியால் குருதிக்கு வரவழைக்கப்பட்டுப் பிரித்தெடுக்கப்படுகின்றன. உடலுக்கு வெளியே அவற்றின்மீது காவி செலுத்தப்படுகிறது. பிறகு நோயாளிக்குக் கடுமையான வேதிமருந்து கொடுத்து மச்சையில் இடம் ஏற்படுத்தி, மாற்றப்பட்ட அணுக்கள் அவருக்கே திருப்பி ஏற்றப்படுகின்றன. காவியில் இருந்த மரபணு முழுவதும் மனிதனுடையது அன்று. மனிதக் காரணியின் சில பகுதிகளுக்கு மாற்றாகப் பன்றியின் பகுதிகள் சேர்க்கப்பட்டவை. உயிரணுக்கள் இக்கலப்புப் புரதத்தைப் பன்மடங்கு அதிகமாகச் சுரக்கின்றன. குருத்தணுவிலிருந்து தோன்றும் ஒற்றைக்கரு அணு போன்ற சில வெள்ளணுக்களில் மட்டும் இம்மரபணு விழித்தெழுமாறு தொடக்கி வரிசையும் அமைக்கப்பட்டது.

கல்லீரலை நாடும் அடினோ-துணை வைரசுக் காவிகள் மேலை நாடுகளில் முன்னரே ஒப்புதல் பெற்றிருக்க, இந்தச் சுற்றுவழி எதற்கு என்ற வினா எழலாம். அக்காவிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இயற்கைத் தொற்றால் பலருக்கு ஏற்கெனவே உண்டாகியிருக்கும். இந்திய நோயாளரிடையே இவை மிகப் பரவலாகக் காணப்படுகின்றன. அவர்களுக்கு அக்காவி பயன்படாமற் போகலாம். மேலும் ஏ வகை நோயில் அச்சிகிச்சையால் உயர்ந்த காரணி அளவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதும் அறியப்பட்டுள்ளது. குருத்தணுவின் டி.என்.ஏ-வில் இணைந்த மரபணுவோ, அதன் வழித்தோன்றல்கள் எல்லாவற்றிலும் தொடரும்.

முதல் இருவரின் இடைநிலைக் காரணி அளவு இயல்பின் நூற்றில் 5.2, 1.7 பங்குகளாக இருந்தது. காவி நுழைவதை ஊக்கும் பொருளும் சேர்க்கப்பட்ட அடுத்த மூவரில் அது 37.1, 19.3, 39.9 ஆக உயர்ந்தது. கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் குருதிக்கசிவு ஏற்படவில்லை. கண்காணிப்புக் காலமாகக் குறிப்பிடப்படும் 81 மாதங்கள் ஐவரின் காலத்தையும் கூட்டிய தொகை. ஒருவரைத் தொடர்ந்த மிக நீண்ட காலம் 27 மாதங்களே. ஐந்து பேரைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வர இயலாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தீநுண்ம எதிர்ப்பு ஆய்வில்

மனிதரில் லென்டிவைரசுக் காவி முதன்முதலில் பயன்பட்டதே எச்.ஐ.வி-க்கு எதிராகத்தான். 2003 இல் தொடங்கிய பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வில் 5 நோயாளிகளின் வெள்ளணுக்களுக்குள், எச்.ஐ.வி-யின் உறை மரபணுச் செய்தியோடு ஒட்டி அதை முடக்கும் எதிர்ச்செய்தி செலுத்தப்பட்டது. முள்ளை முள்ளால் எடுக்கும் இம்முயற்சி நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் காவி தீங்கின்றிச் செயற்பட்டது பின்வந்த ஆய்வுகளுக்கு வழி திறந்தது. குருதிப் புற்றுநோய்க்கு வெள்ளணுக்களை மாற்றியமைக்கும் கார்-டி சிகிச்சையும் பெரும்பாலும் இக்காவியையே நம்பியுள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்சுகார்19 இதற்கு எடுத்துக்காட்டு.

ஆய்வகத்தில் இதன் மற்றொரு பயன் போலித் தீநுண்மங்கள். நிபா, எபோலா போன்ற கொடிய தீநுண்மங்களைக் கையாள நான்காம் நிலை உயிர்க்காப்பு ஆய்வகம் வேண்டும். இந்தியாவில் புனே தேசியத் தீநுண்மவியல் நிறுவனத்தில் அத்தகையது உண்டு. ஆனால் நிபாவின் உறைப்புரதத்தை மட்டும் பெருக இயலாத லென்டிவைரசுக் கூட்டின்மீது பொருத்தினால், உயிரணுவுக்குள் நுழையும் படியை இரண்டாம் நிலை ஆய்வகத்திலேயே ஆராயலாம். நுழைவைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் மருந்தையும் இவ்வாறு சோதிக்க இயலும். கூட்டினுள் ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்துவிட்டால், உயிரணு ஒளிர்ந்தால் காவி நுழைந்தது, ஒளிராவிட்டால் தடுப்பு பலித்தது என்று கணக்கிடலாம்.

இடர்கள்

1999 இல் பென்சில்வேனியாவில் அடினோவைரசுக் காவி செலுத்தப்பட்ட 18 வயது இளைஞர் செசி கெல்சிங்கர், கட்டுக்கடங்காத நோயெதிர்ப்பு வினையால் நான்கு நாட்களில் இறந்தார். டி.என்.ஏ-வில் இணையும் காவிகளின் இடர் வேறு வகையானது, மெதுவானது. பாரிசிலும் இலண்டனிலும் பிறவி நோயெதிர்ப்புக் குறை உள்ள 20 குழந்தைகளுக்கு எலித் தீநுண்மக் காவியால் சிகிச்சை அளிக்கப்பட்டதில், பெரும்பாலோர் நலம் பெற்றனர். ஆனால் ஐவருக்குச் சில ஆண்டுகளில் குருதிப் புற்றுநோய் வந்தது, ஒருவர் இறந்தார். உயிரணுப் பெருக்கத்தை முடுக்கும் மரபணு ஒன்றின் அருகில் காவி சென்று அமர்ந்து அதைத் தூண்டிவிட்டதே காரணம்.

பின்னர் வந்த லென்டிவைரசுக் காவிகளின் முனைகளிலிருந்து அத்தகைய தூண்டல் வரிசைகள் நீக்கப்பட்டுள்ளன. எனினும் இடர் முற்றிலும் அகலவில்லை. மூளையைத் தாக்கும் பரம்பரை நோய் ஒன்றிற்கு லென்டிவைரசுக் காவியால் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்குக் குருதிப் புற்றுநோய் வகைகள் தோன்றியதாக 2024 இல் அறிவிக்கப்பட்டது. அக்காவியில் எல்லா வகை அணுக்களிலும் வலுவாகச் செயற்படும் தொடக்கி வரிசை இருந்தது. வேலூர்க் காவியின் தொடக்கி குறிப்பிட்ட வெள்ளணுக்களுக்கு மட்டுமானது என்பது இங்கு முதன்மை பெறுகிறது. இணையும் காவிகளைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 இல் மரபணு மருத்துவத்திற்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டது.

வேதிமருந்தின் கடுமையும் புறக்கணிக்கத்தக்கதன்று. அது குழந்தைப்பேற்றுத் திறனைப் பாதிக்கலாம். காரணியின் வேலையைத் தோலடி ஊசியாகவே செய்யும் எமிசிசுமாப் என்னும் மருந்து 2017 முதல் பயன்பாட்டில் இருப்பதால், உயிருக்கு உடனடி ஊறு இல்லாத நோயாளி ஒருவர் இவ்விடரை ஏற்க வேண்டுமா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மறுபுறம், அம்மருந்தும் காரணியும் வாழ்நாள் முழுதும் வாங்கவேண்டியவை. பி வகைக் குருதி உறையாமை நோய்க்கு 2022 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அடினோ-துணை வைரசு மருந்தான எம்செனிக்சின் அறிவிக்கப்பட்ட விலை, ஒரு நோயாளிக்கு 35 இலட்சம் அமெரிக்க டாலர்.