ஆசிரியைகள் நிலைக்காத பள்ளியும் ஒரு துறவற சபையின் தோற்றமும்

கார்ப்பஸ் கிறிஸ்டி நகர மேயராயிருந்த கணவர் 1884இல் மறைந்தபின், அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் மேரி ஹீலி மர்பி தெக்சாசின் சான் அந்தோனியோவில் கறுப்பினக் குழந்தைகளுக்கெனத் தம் சொந்தப் பொருளில் பள்ளி அமைத்தார். ஆண்டு 1888, அங்கு அடிமைகள் விடுதலை பெற்று இருபத்து மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன. கைம்மையும் சொத்தும் ஒருங்கே வாய்த்திராவிடில் இம்முயற்சி கைகூடியிராது. எனினும், வெள்ளையர் சமூகத்தின் வெறுப்பினால் ஆசிரியைகள் நிலைக்கவில்லை. ஊதியம் நிறுத்திவைக்க இயலாதவர்களைத் துறவற வார்த்தைப்பாடு நிறுத்திவைக்கும் எனக் கருதினார் போலும். 1893இல் மூன்று தோழியருடன் தூய ஆவி சகோதரிகள் சபையை நிறுவினார்; அதன் தோற்றுவாய் தியான மடமன்று, வகுப்பறையே. சபைக்கு ஆள் திரட்டத் தாயகமான அயர்லாந்துக்கும் பயணம் மேற்கொண்டார். 1907இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கல்வி நிலையம், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளையோருக்கு இன்று கற்பிக்கின்றது.