பேப்பிலியோ முதல் திருமலா வரை: நீல வரியனின் பேரினப் பெயர் வரலாறு

புரட்டாசி, ஐப்பசியில் சேர்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பட்டாம்பூச்சிகளைச் சேலம், நாமக்கல் சமவெளியில் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றில் கருத்த இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியுமாக இருப்பது நீல வரியன். அறிவியல் பெயர் திருமலா லிம்னியேசி. அதன் முதற்பாதி நம் காதுக்குப் பழகிய சொல். இந்தப் பூச்சி முதலில் விவரிக்கப்பட்ட பிறகு அது வந்து சேர 105 ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் உடனே நிலைக்கவில்லை.

1758இல் வகைப்பாட்டியல் அறிஞர் லின்னேயஸ், தாம் அறிந்த பட்டாம்பூச்சிகள் அனைத்தையும் 'பேப்பிலியோ' என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். உட்பிரிவுகளுக்குக் கிரேக்கக் கதைகள் கைகொடுத்தன. மார்பில் குருதிச் சிவப்பு உள்ளவை ட்ராய் வீரர்கள் ஆயின. நம் வயலோரத்து ஆடுதீண்டாப்பாளையில் முட்டையிடும் சிவப்புடல் அழகிக்கு 'ஹெக்டர்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். இன்று அது 'பேக்லியோப்டா' பேரினத்தில் இருக்கிறது.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் அனுப்பிய பூச்சிகளைக் கொண்டு இன்னொரு மாணவரான ஃபப்ரிசியஸ் பல சிற்றினங்களை விவரித்தார். ஆனால் நீல வரியனை முதலில் விவரித்தவர் டச்சுக்காரரான கிராமர். 1775இல் அவர் இட்ட பெயர் பேப்பிலியோ லிம்னியேசி. 1780இல் போலந்துப் பாதிரியார் குளுக் 'டனாஸ்' பேரினத்தை அமைத்தார். வரியன்கள் பிற்பாடு அதற்குள் வந்தன.

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிரெடெரிக் மூர், இலங்கைப் பூச்சிகளைப் பற்றிய நூலில் 1880இல் 'திருமலா'வைத் தனிப் பேரினமாக்கினார். சுரேந்திரா, பிரதாபா, கங்காரா ஆகிய பேரினங்களும் அவர் வைத்தவையே. அளவுக்கு மீறிப் பிரிக்கிறார் என்ற குறை அவர்மீது உண்டு. இந்த இடத்தில் அந்தக் குறை பொருந்தாது என்பது என் முடிவு. கிலுகிலுப்பையிலோ தேள்கொடுக்கிலோ ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஆண் நீல வரியனின் பின்னிறக்கை அடிப்பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள். நரம்பை ஒட்டிச் சிறு பை ஒன்று புடைத்திருக்கும். அதில் மணச் செதில்கள் உண்டு. எருக்கில் வளரும் வெந்தய வரியனில் அந்த இடத்தில் உள்ளது இத்தனை எடுப்பாக இராது. வரியன்களின் உறவுமுறையை அறிய இத்தகைய மண உறுப்புகள் பெரிய சான்று.

ஆயினும் மூரின் பெயர் பின்னுக்குப் போனது. 1957இல் வெளியான வின்டர்-பிளைத்தின் பட்டாம்பூச்சிக் கையேட்டில் நீல வரியன் 'டனாஸ் லிம்னியேசி' என்றே இருக்கிறது. இந்தியாவில் பட்டாம்பூச்சி பார்ப்போர் பலரும் அதைப் பின்பற்றினார்கள். 1984இல் ஆக்கரியும் வேன்-ரைட்டும் வரியன்களின் துணைக்குடும்பத்தை மரபுக்கிளை முறையில் ஆராய்ந்து வெளியிட்ட பெருநூலில் 'திருமலா' தனிப் பேரினமாக இடம்பெற்றது. இன்றுவரை அதுவே வழக்கு.

இத்தனை இடமாற்றமும் பெயருக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. முதலில் விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து சிற்றினம் வேறொன்றுக்கு மாறினால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். மாறாவிட்டால் வெளியே நிற்கும். கறிவேப்பிலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சி 'பேப்பிலியோ பாலிடெஸ் லின்னேயஸ், 1758'. நீல வரியனோ 'திருமலா லிம்னியேசி (கிராமர், 1775)'. ஊர்ப் பட்டாம்பூச்சிப் பட்டியல் எழுதுவோர் அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.