சோம்ரோங் நெல்லின் இரண்டாவது ஊர்

நேபாளத்தில் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடந்து போகிறவர்களுக்கு சோம்ரோங் தெரிந்த ஊர். காஸ்கி மாவட்டத்தில், 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர் கொண்ட நெல்லுக்குச் சிவப்பு அரிசி. மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர் பாய்ந்தாலும் பதராகாமல் மணி பிடிக்கும். லும்லே ஆராய்ச்சி நிலையத்தார் அதை ஜப்பானின் ஃபூஜி 102 உடன் ஒட்டுச் சேர்த்து, உழவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, 1996-இல் மச்சபுச்ரே 3 என்ற ரகத்தை வெளியிட்டார்கள்.

சோம்ரோங் நெல்லுக்கு நேபாளத்துக்கு வெளியே ஒரு பயணமும் வாய்த்தது. மடகாஸ்கரின் ஆன்ட்சிராபே பக்கம், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பள்ளத்து வயல்கள் பங்கு பிரிந்து போதாமல் போயின. மிச்சம் இருந்தவை செம்மண் குன்றுகள். கடும் அமில மண். அதில் கரையும் அலுமினியம் வேர் நுனியைக் குட்டையாக்கிவிடும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர் தேங்கும் வயலில் மண்ணின் அமிலம் தானே தணியும். குன்றில் அந்தச் சலுகை இல்லை. போதாததற்குக் குளிர் வேறு.

1980களின் நடுவில் அந்நாட்டின் ஃபோஃபிஃபா வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் பிரான்சின் சிராடும் இந்தக் குன்றுகளுக்கென்று புது ரகம் உருவாக்க இறங்கின. பள்ளத்து வயலில் குளிர் தாங்கிய உள்ளூர் லட்சிடாஹியை மேட்டு நெல்லோடு ஒட்டினார்கள். ஃபோஃபிஃபா 152, 154 போன்றவை வந்தன, விளைந்தன. பிறகு குலை நோய் தாக்கியது, உழவர்கள் கைவிட்டார்கள்.

தாக்குப்பிடித்தது சோம்ரோங். நேபாளத்தில் அடுக்கு வயலில் நாற்று நட்டு வளர்த்த நெல்லை இங்கே குன்றில் குழி தோண்டி, மாட்டெரு போட்டு, நேரடியாக விதைத்தார்கள். அமிலத்துக்கும் குளிருக்கும் நோய்க்கும் ஒருசேர ஈடுகொடுத்தது. நேபாளத்து மலை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்த விதை, ஆய்வு நிலையத்தின் ஒட்டு ரகங்களை முந்தியது. 2010களின் தொடக்கத்தில் அந்த மேட்டுநிலத்தில் மானாவாரி நெல்லின் பெரும்பரப்பில் இருந்தது இதுதான்.

எனக்கு இதில் மகிழ்ச்சியைவிடக் கவலையே அதிகம். குலை நோய்ப் பூஞ்சை மாறிக்கொண்டே இருப்பது. ஒற்றை ரகத்தை நம்பிய குன்றுகளை அது ஒரே பருவத்தில் அழித்துவிடலாம். மாற்று வேண்டும், அது உருவாகியும் வருகிறது. ஃபோஃபிஃபா 172 அதில் ஒன்று. அதன் பெற்றோரில் ஒன்றும் நேபாளத்து மலைநெல்தான்: ஜும்லி மார்சி.