9 டாலர் டேக்... 9,000 டாலர் டேக்... உங்க காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

புது போன்ல ஹெட்போன் ஜாக் இல்லை. பழைய வயர் ஹெட்போனை மாட்ட ஒரு குட்டி கன்வெர்ட்டர் தேடி ஆன்லைன் பக்கம் போனா, தலை சுத்துது. சில நூறு ரூபாய்க்கும் இருக்கு, சில லட்சத்துக்கும் இருக்கு. ரெண்டும் செய்யுற வேலை ஒண்ணுதான். அப்போ லட்சம் கொடுத்தா பாட்டு நல்லா கேட்குமா?

முதல்ல அந்த வேலை என்னன்னு பார்த்துடலாம். போன்ல இருக்கிற பாட்டு வெறும் எண்கள். சி.டி தரம் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக மாற்றுவதுதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக 'டேக்'. அந்த அலை படிக்கட்டு மாதிரி இருக்கும், விலை கூடினா படி சின்னதாகும் என்று பலர் நினைக்கிறாங்க. தப்பு. கடைசியில் இருக்கும் ஃபில்டர் அதை வழவழப்பான அலையாக்கிடும், மலிவான டேக்கிலும்தான்.

ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் ஹெட்போன் ஜாக்கை எடுத்தது 2016-ல். இப்போ அது விற்கும் யு.எஸ்.பி-சி அடாப்டரின் விலை அமெரிக்காவில் 9 டாலர். விரல் நீள வயர்தான், ஆனா உள்ளே டேக், ஆம்ப் ரெண்டும் இருக்கு. கருவி வைத்து அளந்தால், அது சேர்க்கும் இரைச்சலும் சிதைவும் பாட்டைவிட ஏறக்குறைய 100 டெசிபல் கீழே. அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. சி.டி-யின் 16 பிட்டுக்கே எல்லை சுமார் 96 டெசிபல்தான். விலை உயர்ந்த டேக்குகள் 120 டெசிபலைத் தொடும். அளவில் அது பெரிய சாதனைதான், காது வரைக்கும்தான் வந்து சேராது.

'கருவிக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்' என்பார்கள் ஆடியோ பிரியர்கள். சரி, காதையே கேட்போம். மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் ஆடியோ இன்ஜினீயரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. உயர்தர டிஸ்க்கின் ஒலியை ஒருமுறை நேராகவும், இன்னொரு முறை சாதாரண சி.டி தரத்துக்கு மாற்றி, மறுபடி அனலாக் ஆக்கியும் கேட்க வைத்தார்கள். எது எதுன்னு கேட்பவருக்குத் தெரியாது. 554 முயற்சிகளில் சரியான பதில் 276. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்! 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ், இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். சரியான பதில் 52.3 சதவிகிதம். பயிற்சி பெற்ற காதுகள் கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடிச்சிருக்கு. ஆக, வித்தியாசம் பூஜ்யம்னு சொல்லிட முடியாது. ஆனா லட்சம் ரூபாய்க்கான வித்தியாசம் இல்லை.

அப்போ காசு எங்கே போகுது? கனமான அலுமினியப் பெட்டி, தனி பவர் சப்ளை, திரை, ரிமோட், டீலர் லாபம்... சில மாடல்களில் வேணும்னே ஒலியை மாற்றுவதும் உண்டு. 'ஓவர்சாம்பிளிங்' செய்யாத டேக்குகள், உச்சஸ்தாயியில் 20 கிலோஹெர்ட்ஸ் கிட்ட 3 டெசிபல் வரை குறைச்சிடும். 'இதமா இருக்கு' என்று புகழ்வது பெரும்பாலும் இந்தக் குறையைத்தான். பிடிச்சா வாங்கலாம், ஆனா அது துல்லியம் இல்லை.

நிஜமாவே காசு செலவழிக்க வேண்டிய இடங்களும் இருக்கு. லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டி, மவுஸை நகர்த்தும்போது 'கீய்ய்'னு ஒரு சத்தம் வருதா? வெளியே மாட்டும் ஒரு டேக் அதைச் சரிபண்ண வாய்ப்பு அதிகம், விலை குறைஞ்சதே போதும். 300 ஓம்ஸ் மாதிரி பெரிய ஸ்டூடியோ ஹெட்போன் வெச்சிருந்தா, குட்டி அடாப்டரில் சத்தம் பத்தாமல் போகலாம். அங்கே தேவை நல்ல ஆம்ப். அந்த ஆப்பிள் அடாப்டரேகூட சில ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினா சத்தம் குறைவாத்தான் வரும், வாங்கும் முன் பார்த்துக்கோங்க. பெயரே இல்லாத ரொம்ப மலிவான அடாப்டர்கள் சிலதில் இரைச்சல் கேட்கும், அவற்றை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

நண்பர்கிட்ட விலை உயர்ந்த டேக் இருந்தா, நீங்களே சோதிச்சுப் பாருங்க. முக்கியமான விஷயம், ரெண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கணும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் பாடுவது எதுவோ, அதுதான் 'தெளிவா இருக்கு'ன்னு மூளை சொல்லும். கடை டெமோவில் ஏமாறுவதே இங்கேதான். காதால் சமன்படுத்த முடியாது, வோல்ட்மீட்டரால் அளந்து சரிபண்ணுங்க. பிறகு நண்பர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். பத்துக்கு ஆறு, ஏழு சரின்னா குருட்டு அதிர்ஷ்டமா இருக்கலாம். ஒன்பது சரின்னா, உங்க காது நிஜமாவே எதையோ பிடிக்குது. வெறும் அதிர்ஷ்டத்தில் ஒன்பதோ அதுக்கு மேலயோ வர வாய்ப்பு சுமார் 1 சதவிகிதம்தான்.

இதையெல்லாம் ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டுக்கிட்டுப் படிக்கிறீங்களா? உங்க டேக் அந்த இயர்பட்ஸுக்குள்ளேயே இருக்கு. போனில் எத்தனை லட்சத்துக்கு டேக் மாட்டினாலும், ப்ளூடூத்தில் போகும் பாட்டு அதைத் தொடவே தொடாது.