ஒருவழிக் கதையும் திறந்த உலகும்

ஆடுபவர் தன்னை வேறொருவராகப் பாவித்து ஒரு கதைக்குள் இயங்குவது பாத்திரமேற்பு ஆட்டம். கணினியிலும் கைபேசியிலும் ஆடப்படும் இந்த வகையை ஆட்டக்காரர்கள் 'ஆர்பிஜி' என்கிறார்கள். இதை உருவாக்குவோர் முன் நெடுநாளாக ஒரு கேள்வி நிற்கிறது: கதையை வரிசை பிசகாமல் நடத்திச் செல்வதா, ஆடுபவரை விருப்பம்போல் சுற்றவிடுவதா? முதல் முறை 'லீனியர்' என்றும் இரண்டாவது 'ஓப்பன் வேர்ல்ட்' என்றும் வழங்குகின்றன. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்படும் காமன் கூத்தும் ஒரு பாத்திரமேற்புதான். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இந்தக் கேள்விக்குத் தன் விடையைக் கண்டிருந்தது.

தோற்றம்

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டமே இந்த வகையின் தாய். அதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வேடம் ஏற்பார்கள். நடத்துபவர் தான் நினைத்த கதைக்குள்ளேயே எல்லாரையும் இழுத்துச் சென்றால், ஆட்டத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் குறைப்படுவார்கள். 1885இல் நானுஓயாவை எட்டிய மலைநாட்டு ரயில் பாதையை அறிந்தவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். அருவியும் தேயிலை மலையும் கண்ணெதிரே விரியும். ஆனால் வண்டி நிற்கிற இடத்தில்தான் இறங்க முடியும். 1981இல் வந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவை இந்த வகையை வீட்டுக் கணினிகளில் பரவலாக்கின.

ஒருவழிக் கதை

இந்த முறையில் நிகழ்ச்சிகளின் வரிசை முன்கூட்டியே முடிவாகிவிடும். எந்த இடத்தில் துயரம், எந்த இடத்தில் இசை, எந்த இடத்தில் போர் என்பதை ஆக்கியோர் அளந்து வைக்கலாம். உணர்ச்சியைக் கட்டி எழுப்ப இது நல்ல வழி. 2009இல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி 13' இதன் மறுபக்கத்தைக் காட்டியது. முதல் பத்து அத்தியாயங்களும் பெரும்பாலும் நீண்ட நடைகூடம் போலவே செல்கின்றன. பதினோராவது அத்தியாயத்தில்தான் பரந்த சமவெளி திறக்கிறது. அதற்குள் பலர் சலித்துப்போனார்கள்.

ஒருவழி என்றாலே குறை என்று முடிவுகட்ட முடியாது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', பாத்திரமேற்பு வகையைச் சேராவிட்டாலும் இங்கே நினைக்கத்தக்கது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. ஆடுபவர் அழிந்துபோன சமையற் குறிப்பின் விடுபட்ட படிகளைத் தானே ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். கதை ஒரே வழியில்தான் போகிறது. ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை. 2024இல் சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசை அது பெற்றது.

திறந்த உலகு

1986இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தில், புறப்படும் கோட்டைக்கு அருகிலேயே, நீருக்கு அப்பால், பகைவனின் கோட்டை தெரியும். சேருமிடம் முதலிலேயே கண்ணில் படுகிறது. போகும் வழியைத்தான் தேட வேண்டும். பாலங்களைத் தாண்டத் தாண்ட எதிரிகள் வலுவாவார்கள். மதிலே இல்லாமல் ஆடுபவரை நெறிப்படுத்தும் உத்தி இது. 'மோரோவிண்ட்' (2002), 'ஸ்கைரிம்' (2011), 'எல்டன் ரிங்' (2022) ஆகியவை இந்தப் போக்கை விரித்தன. எல்டன் ரிங்கில் திறந்த வெளிக்கு வந்ததுமே, பொற்கவசம் அணிந்த குதிரை வீரன் ஒருவன் எதிரே உலவுகிறான். புதியவர் மோதினால் சாவு நிச்சயம். அவனைச் சுற்றிப் போகலாம். பலம் சேர்த்துக்கொண்டு திரும்பியும் வரலாம். அந்த ஆட்டம் கற்பிக்கும் முதல் பாடமே இதுதான்.

சிவனொளிபாதமலை இந்த அமைப்புக்கு நம் மண்ணிலேயே உள்ள உதாரணம். 2,243 மீற்றர் உயர்ந்த அந்தச் சிகரத்துக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியிலிருந்தும் ஏறலாம்; இரத்தினபுரிப் பக்கமிருந்தும் ஏறலாம். சிகரம் ஒன்று, வழிகள் பல. ஏறியவரின் அனுபவம் வழிக்கு வழி வேறு.

திறந்த உலகுக்கும் நோய் உண்டு. 'விட்சர் 3' (2015) நாயகன் தன் வளர்ப்பு மகளை அவசரமாகத் தேட வேண்டியவன். ஆடுபவரோ ஊர் ஊராகச் சீட்டாடிக்கொண்டிருக்கலாம். அப்போது கதையின் அவசரம் கரைந்துபோகிறது.

காமன் கூத்து

தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்து காத்த கலை இது. மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியையொட்டிக் காமன் தகனம் நடக்கும். தவத்தில் இருக்கும் சிவன்மீது காமன் என்னும் மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான், அவன் மனைவி ரதி புலம்புகிறாள், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் மீள எழுகிறான். இந்த வரிசையை எவரும் மாற்ற முடியாது. போகாதே என்று ரதி தடுப்பாள், வாதாடுவாள். ஆனாலும் மதன் போயே தீருவான். கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் முடிவு தெரியும்.

அப்படியிருந்தும் விடியும்வரை யாரும் எழுந்து போவதில்லை. கதைதான் ஒருவழி, களம் ஒரு மேடைக்குள் அடங்குவதில்லை என்பதே இதற்குக் காரணம். தப்பு முழங்க, வேடம் கட்டியவர்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் போகிறார்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கும் பெண்ணுக்கு எதிரே நிற்பவர்கள், நேற்றுவரை தன்னோடு மலையில் வேலை செய்த பையன்கள் அல்லர், ரதியும் மதனும்தான். ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. விரதம் இருந்து, நேர்த்திக்கடனாக வேடம் ஏற்பவர்களும் உண்டு. நாள் கணக்கும் வேடங்களும் தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும்.

மதிப்பீடு

ஒருவழியா, திறந்த உலகா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியதில்லை. முடிவு தெரிந்த கதையும் ஆடுபவருக்கு இடம் தரும், நடுவில் அவர் செய்ய உண்மையான வேலை இருந்தால். எல்லை தெரியாத உலகமும் வெறும் நிலமாகிவிடும், போய்ச் சேரும் இடத்தில் பொருள் இல்லாவிட்டால். கதையை இறுக்கிப் பிடித்து, களத்தைத் திறந்துவிட்டது காமன் கூத்தின் வழி. மலையகத்தை வைத்து ஆட்டம் ஆக்க நினைக்கும் இளைஞர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கூத்து அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, தம் தோட்டத்துக் காமன் எந்த லயத்திலிருந்து எந்த லயத்துக்குப் போகிறான், எங்கே நின்று என்ன பாடுகிறான் என்பதை அந்த இளைஞர்கள் எழுதிவைக்க வேண்டும். முதல் வரைபடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.