மேசைக் கணினிக்கான மின்வழங்கி
கடைகளில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியை, பெட்டியில் அச்சிட்ட மொத்த வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. மின்வழங்கியின் பக்கவாட்டு அட்டவணையில் அத்தடத்துக்குக் குறித்த வாட்டே உண்மையான அளவுகோல். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைக்கு 450 வாட், இன்டெல் ஐ9-13900கே செயலிக்கு உச்சத்தில் 253 வாட், இவையே 703. அட்டையோ கணநேரம் தன் 450 வாட்டையும் மீறி இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 மின்வழங்கி வரையறை 100 மைக்ரோநொடிக்கு மொத்த வாட்டின் இருமடங்குச் சுமையைத் தாங்கச் சொல்வது இதனால்தான். எனவே இத்தகைய கணினிக்கு 850 வாட்டுக்குக் குறையக் கூடாது. பெரிய மின்வழங்கி மின்கட்டணத்தை ஏற்றும் என்பர். அப்படியல்ல, கணினி கேட்பதையும் மாற்றத்தில் வெப்பமாகும் சிறு இழப்பையும் மட்டுமே அது சுவரிலிருந்து எடுக்கும். 80 பிளஸ் முத்திரை அந்த இழப்பின் அளவைச் சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைச் சொல்லாது.