குடியுரிமையின் விலை

தொல்காப்பியர் சொல்லுக்கு முதலில் வாராது என ஒதுக்கிய ஙகரம், நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரியர் பெயர்களிலே முதலெழுத்தாய் நிற்கின்றது. ஙாட்டா, ஙாரிமு என்ற அத்தகைய இரு பெயர்களோடு பிணைந்த வரலாறொன்றை இன்று சொல்லப்போகின்றேன்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, மாவோரியருக்கெனத் தனிக் காலாட்படை வேண்டுமென வாதாடியவர்களுள் முதன்மையானவர் சேர் அப்பிரானா ஙாட்டா. நாடாளுமன்ற உறுப்பினர், தம் இனத்தின் பழம்பாடல்களைத் தொகுத்த அறிஞர். 1860களின் போர்களைத் தொடர்ந்து அம்மக்களின் நிலங்களை அரசு பறித்திருந்தது. அந்த அரசுக்காகக் கடல் கடந்து சாவதா எனப் பலர் கேட்டனர். சம உரிமை கேட்போர் சமபங்கு சுமக்கவேண்டும் என்பதே ஙாட்டாவின் நிலைப்பாடு.

1940இல் 28ஆவது பற்றாலியன் உருவாயிற்று. மாவோரியருக்குக் கட்டாய இராணுவசேவை இல்லை. வந்தவர் யாவரும் தொண்டர்களே. கம்பனிகள் குலவாரியாக அமைந்தன. தமையனும் தம்பியும் மைத்துனனும் ஓரணியில் நின்றனர். கிரேக்கம், கிறீற், வட ஆபிரிக்கா, இத்தாலி எனப் போரிட்ட ஏறத்தாழ 3,600 பேரில் 649 பேர் மாண்டனர். உறவு துணிவைத் தந்தது உண்மை. ஆனால் ஒரே இரவுச் சண்டை ஒரே ஊரின் பல வீடுகளில் இழவு விழச் செய்ததும் அந்த அமைப்பினாலேயே.

1943 மார்ச்சில் தூனிசியாவில் குன்றொன்றைக் கைப்பற்றிக் காத்து மடிந்தார் ஙாரிமு. அவருக்குரிய விக்ரோறியா சிலுவை ஒக்ரோபரில் பெற்றோரின் கையிற் கொடுக்கப்பட்டது. அந்த வைபவத்துக்காக ஙாட்டா எழுதிய சிறுநூலின் பெயரே 'குடியுரிமையின் விலை'. கொடுத்த விலைக்குரிய உரிமை கிட்டுமா என்பதே அவர் கவலை.

அதே ஆண்டு தக்ரூனாக் குன்றில் வீரம் காட்டிய ஹானே மனாஹிக்குத் தளபதிகள் அதே சிலுவையைப் பரிந்துரைத்தும், அதற்குக் கீழான பதக்கமே கிடைத்தது. 2007இல் அரசியின் கடிதமும் வாளும் வந்தன. மனாஹியோ 1986இலேயே காலமாகிவிட்டார். பற்றாலியனின் கடைசி வீரரும் 2024இல் மறைந்தார்.

வகுப்பிலே நடுகற் பாடல்களைப் படிப்பிக்கும்போது இப்போது நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுண்டு. கல்லிலே வீரனின் பெயரும் பீடும் இருக்கும். அவனுக்கு நாடு பட்ட கடனை அதிலே எவரும் பொறிப்பதில்லை. ஙாட்டா அதைத்தான் ஒரு புத்தகத்தின் தலைப்பிலே பொறித்துவிட்டுப் போனார்.